கணக்கு ஆசிரியர் பயிற்சியால் வகுப்பறை மாறுகிறதா? ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பயிற்சியின் கடைசி நாள் மாலையில் ஆசிரியர்கள் கையில் ஒரு தாள் கொடுக்கப்படும். "பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?" என்று கேட்டு, எதிரே ஐந்து கட்டங்கள். பெரும்பாலோர் 'மிகவும் பயனுள்ளது' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அந்தத் தாள்களை எண்ணி, "இத்தனை சதவீத ஆசிரியர்கள் பயனடைந்தனர்" என்று முடித்துவிடும் ஆய்வேடுகள் நிறைய உண்டு. தாள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பயிற்சி அவர்களுக்குப் பிடித்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் பின்னக் கூட்டல் எப்படி நடந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை.

இந்தக் கட்டுரை எம்.எட்., பிஎச்.டி. மாணவர்களுக்கும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன (டயட்) விரிவுரையாளர்களுக்கும், வட்டார வள மையத்தில் பணிபுரியும் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் எழுதப்பட்டது. பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரு குறிப்பான ஆய்வை எடுத்துக்கொள்வோம்: தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6ஆம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்குப் பின்னங்களைப் பற்றிய பயிற்சி. உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் வேலையின் வரிசை இதுதான்.

நான்கு கண்ணிகள்

பயிற்சிக்கும் மாணவர் மதிப்பெண்ணுக்கும் இடையே ஒரு சங்கிலி இருக்கிறது. பயிற்சி நடக்கிறது, ஆசிரியருக்குத் தெரிந்தது கூடுகிறது, அதனால் வகுப்பில் அவர் செய்வது மாறுகிறது, அதனால் பிள்ளைகளுக்குக் கணக்கு புரிகிறது. புதிதாக ஆய்வு செய்பவர்கள் முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் மட்டும் அளக்கிறார்கள். மதிப்பெண் கூடவில்லை என்றால் எங்கே அறுந்தது என்று சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். கூடியிருந்தால் இன்னும் மோசம். எதனால் கூடியது என்று தெரியாமலேயே பயிற்சிக்குப் பாராட்டு எழுதிவிடுகிறார்கள்.

சங்கிலி வெவ்வேறு இடங்களில் அறும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 12 கல்வி மாவட்டங்களின் 77 பள்ளிகளில் 7ஆம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களுக்குப் பின்னம், தசமம், விகிதம் பற்றி முதல் ஆண்டில் 68 மணி நேரப் பயிற்சி திட்டமிடப்பட்டது. பள்ளிக்கே வந்து துணைநிற்கும் பயிற்றுநரும் உண்டு. 2010இல் முடிவு வெளிவந்தது: மாணவர்களின் சிந்தனையை வெளிக்கொணரும் வகையில் ஆசிரியர்கள் கேள்வி கேட்பது கூடியிருந்தது, ஆசிரியரின் பாட அறிவும் மாணவரின் அடைவும் நகரவில்லை. அதே நாட்டில் 4ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்குப் பாட அறிவையே மையமாக வைத்து 93 மணி நேரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த அந்த அறிக்கையில் ஆசிரியரின் அறிவு கூடியிருந்தது, வகுப்பறையும் ஓரளவு மாறியிருந்தது, மாணவரின் அடைவு கூடவில்லை. சீனாவில் 300 பள்ளிகளின் 600 கணக்கு ஆசிரியர்களை வைத்து அந்நாட்டின் தேசியப் பயிற்சித் திட்டத்தைச் சோதித்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு ஆசிரியர் அறிவிலும் கற்பித்தலிலும் மாணவர் அடைவிலும் மாற்றம் எதுவும் தென்படவில்லை.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 40 முதல் வகுப்பு ஆசிரியர்களில் குலுக்கல் முறையில் பாதிப் பேரைத் தேர்ந்து, கோடை விடுமுறையில் நான்கு வாரம் உட்காரவைத்தார்கள். "இப்படிக் கற்பியுங்கள்" என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. கூட்டல், கழித்தல் கணக்குகளைக் குழந்தைகள் தாங்களாக எப்படிப் போடுகிறார்கள் என்பதை மட்டும் காட்டினார்கள். "என்னிடம் 5 நெல்லிக்காய் இருக்கிறது, 8 ஆக இன்னும் எத்தனை வேண்டும்" என்ற கணக்கைப் பெரியவர் கழித்தலாகப் பார்ப்பார். குழந்தையோ ஐந்துக்கு மேல் ஆறு, ஏழு, எட்டு என்று விரல் விட்டு எண்ணும். இதைத் தெரிந்துகொண்ட ஆசிரியர்கள் வகுப்பில் இப்படிப்பட்ட வாக்கியக் கணக்குகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள், அடிப்படைக் கூட்டல் வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு நேரத்தைக் குறைத்தார்கள். அப்படியிருந்தும் அவர்களுடைய மாணவர்கள் அந்த அடிப்படைக் கூட்டலில் பின்தங்கவில்லை. இது 1989இல் வெளியானது. இந்தத் துறைக்கு வருகிறவர் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு என்றால் இதைத்தான் சொல்வோம்.

2007இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, அவற்றில் 9 மட்டுமே கடுமையான தரத்தை எட்டின என்றது. சராசரியாக 49 மணி நேரப் பயிற்சி பலன் தந்தது, 14 மணி நேரமோ அதற்கும் குறைவோ என்றால் பலன் தெரியவில்லை என்றும் எழுதியது. அந்த 49ஐ விதிபோல மேற்கோள் காட்டுகிறார்கள். அது வெறும் 9 ஆய்வுகளிலிருந்து வந்த எண் என்பதையும், 93 மணி நேரம் கொடுத்தும் மாணவர் அடைவு நகராத சான்று மேலே இருப்பதையும் மறக்க வேண்டாம். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் மேம்பாட்டைச் சொல்கிறது. அந்த மணிகளுக்குள் என்ன நடக்கிறது என்பதே ஆய்வாளர் பார்க்க வேண்டியது.

கேள்வியைச் சுருக்குங்கள்

"ஆசிரியர் பயிற்சி கணிதக் கற்பித்தலை மேம்படுத்துகிறதா?" என்பதை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. எந்தப் பயிற்சி, யாருக்கு, எந்தப் பாடப்பகுதி, வகுப்பில் எந்தச் செயல், எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ற ஐந்தையும் நிரப்பினால்தான் கேள்வி. உதாரணமாக: "பின்னங்களில் மாணவர் செய்யும் தவறுகளை அலசும் 5 நாள் பயிற்சியும் மூன்று பின்தொடர் சந்திப்புகளும் பெற்ற 6ஆம் வகுப்பு ஆசிரியர்கள், பயிற்சி பெறாதவர்களைவிட, மாணவரின் தவறான விடையை எப்படிக் கையாளுகிறார்கள்? அவர்களுடைய மாணவர்கள் பின்னங்களை ஒப்பிடுவதில் மேலே வருகிறார்களா?"

6ஆம் வகுப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' 2022-23இல் 1 முதல் 3 வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. மாநிலம் முழுக்க எல்லா ஆசிரியர்களும் பயிற்சி பெறும்போது, பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவுக்கு எங்கே போவீர்கள்? தொடக்க வகுப்புகளில்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்றால் கேள்வியை மாற்றுங்கள்: எல்லோருக்கும் கிடைத்த பயிற்சிக்கு மேல், பள்ளிக்கே வந்து துணைநிற்பது எதையாவது கூட்டுகிறதா என்று கேட்கலாம்.

பாடம் எந்தப் பருவத்தில் வருகிறது என்று கேள்வியை முடிவு செய்யும் முன்பே பாருங்கள். பயிற்சி முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் பின்னம் வகுப்புக்கு வரும் என்றால், ஆசிரியர் கற்றதில் பாதி ஆறிப்போயிருக்கும். பாடம் முடிந்த பிறகு பயிற்சி கொடுப்பதும் நடக்கிறது. அப்போது வகுப்பில் பார்க்க ஒன்றுமே இருக்காது.

எத்தனை பள்ளிகள்?

ஆய்வேடுகளில் அதிகம் சறுக்கும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

20 பள்ளிகள், பள்ளிக்கு 30 மாணவர்கள், மொத்தம் 600 என்று வைத்துக்கொள்வோம். 600 பேர் என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் படிக்கும் 30 பேர் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள். மதிப்பெண்ணில் காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு பள்ளிக்குப் பள்ளி இருக்கும் வேறுபாடு என்பதை ஓர் எண்ணால் குறிப்பார்கள். அது 0.2 என்றால், 1 + (30 − 1) × 0.2 = 6.8. 600ஐ 6.8ஆல் வகுத்தால் 88. அதாவது, தனித்தனியாகப் பொறுக்கியெடுத்த 88 மாணவர்கள் தரும் தகவலைத்தான் உங்கள் 600 பேர் தருகிறார்கள். இதைக் கவனிக்காமல் 600 பேருக்கும் சாதாரண டி-சோதனை (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டால் ஒன்றுமில்லாததும் '0.01 மட்டத்தில் சிறப்பு வேறுபாடு' என்று வந்து நிற்கும்.

பள்ளிக்கு 20 மாணவர்கள் வீதம் 40 பள்ளிகளை (பயிற்சிக்கு 20, ஒப்பீட்டுக்கு 20) எடுத்தால், முன்தேர்வைக் கணக்கில் சேர்க்காதபோது, நம்பிக்கையோடு கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த விளைவு ஏறத்தாழ 0.43 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு). மாணவரை 20லிருந்து 40 ஆக்கினால் அது 0.41 ஆகும். இரட்டிப்பு வேலை, பலன் துளி. பள்ளிகளை 80 ஆக்கினால் 0.31க்கு இறங்கும். முன்தேர்வு மதிப்பெண், வேறுபாட்டில் பாதியை விளக்கினால், 40 பள்ளிகளை வைத்தே ஏறத்தாழ அந்த 0.31க்கு வந்துவிடலாம். எனவே முன்தேர்வை ஒருபோதும் விடாதீர்கள். கூடுதல் பணம் கிடைத்தால் மாணவரைக் கூட்டாமல் பள்ளியைக் கூட்டுங்கள்.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. பள்ளிக்கே வந்து ஆசிரியருக்குத் துணைநிற்கும் முறையைப் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த அலசல், கற்பித்தலில் 0.49 திட்ட விலக்கமும் மாணவர் அடைவில் 0.18உம் முன்னேற்றம் கண்டது. வகுப்பறையில் பெரிதாகத் தெரியும் மாற்றம் மாணவரிடம் போய்ச் சேரும்போது தேய்ந்துவிடுகிறது. 0.18ஐப் பிடிக்க 40 பள்ளிகள் போதாது. ஆறு பள்ளிகளோடு தனியாளாக ஆய்வு செய்யும் எம்.எட். மாணவர் 'மாணவர் அடைவில் விளைவு' என்று தலைப்பு வைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. அவருக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. நான்கைந்து ஆசிரியர்களை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடர்ந்து, இரண்டாவது, மூன்றாவது கண்ணிகளை ஆழமாகப் பார்க்கட்டும். அந்த வேலைக்குத்தான் ஆள் குறைவு.

குலுக்கல், அனுமதி

அருகருகே உள்ள பள்ளிகளுக்கான ஒரே குறுவள மையத்தின் கூட்டத்தில் உட்காரும் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், தாள்களை வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்வார்கள். அவர்களில் பாதிப் பேரைப் பயிற்சிக்கும் பாதிப் பேரை ஒப்பீட்டுக்கும் பிரித்தால் இரண்டு வாரத்தில் குழுக்கள் கலந்துவிடும். குறுவள மையம் முழுவதையும் ஒரு குழுவில் வைப்பது பாதுகாப்பு. மையங்கள் குறைவாக இருந்தால் தூரத்தில் உள்ள பள்ளிகளைத் தேர்ந்து, முன்தேர்வுச் சராசரி, மாணவர் எண்ணிக்கை இரண்டிலும் நெருங்கியிருக்கும் பள்ளிகளை இரண்டிரண்டாக இணையாக்கி, ஒவ்வோர் இணைக்குள்ளும் சீட்டுக் குலுக்குங்கள். தலைமையாசிரியர்கள் முன்னிலையில் குலுக்கினால் பின்னால் மனக்கசப்பு வராது.

ஒப்பீட்டுக் குழுவுக்கு ஒன்றுமே இல்லை என்றால் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள். அது நியாயமும் ஆகாது. அடுத்த பருவத்தில் அவர்களுக்கும் இதே பயிற்சி உண்டு என்று எழுதிக் கொடுங்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தரும் விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தப் பள்ளிகள், பள்ளிக்கு எத்தனை நாள், ஒவ்வொரு நாளும் எத்தனை பாடவேளை, யாருடைய பெயரும் வெளிவராது என்பதை அதில் சொல்லிவிட்டு, வினாத்தாளையும் உற்றுநோக்கல் படிவத்தையும் இணையுங்கள். விண்ணப்பம் கிடப்பில் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் 'எவ்வளவு நேரம் கேட்கிறார்கள்' என்பது அதில் இல்லாததுதான்.

கால அட்டவணை போடும்போது அரையாண்டுத் தேர்வு, பொங்கல், வடகிழக்குப் பருவமழை விடுமுறை, ஆண்டு வேலைகளை முடிக்கும் அவசரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பாருங்கள். தேர்தல் ஆண்டு என்றால் அந்தப் பணியும் சேரும். மாறுதல் கலந்தாய்வு ஆய்வின் நடுவே வந்தால் சில ஆசிரியர்களை இழப்பீர்கள். 40 வேண்டுமென்றால் 46 பள்ளிகளோடு தொடங்குங்கள். வெளியேறியவர்கள் எந்தக் குழுவிலிருந்து, என்ன காரணத்தால் போனார்கள் என்று அன்றே எழுதிவையுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது.

பயிற்சியையும் உற்றுநோக்குங்கள்

அச்சடித்த நிகழ்ச்சி நிரலை இணைத்துவிட்டு, பயிற்சி அப்படியே நடந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மாநில அளவில் கருத்தாளர்களுக்கு, அவர்களிடமிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து வட்டாரத்துக்கு என்று படிப்படியாக இறங்கும் பயிற்சியில் ஒவ்வொரு படியிலும் ஏதாவது உதிரும். பெரும்பாலும் முதலில் உதிர்வது ஆசிரியர்கள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் நேரம். கடைசிவரை உதிராமல் இருப்பது பவர்பாயின்ட். பயிற்சி அறையின் பின்வரிசையில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: இப்போது பேசுவது யார், பேச்சு கணக்கைப் பற்றியதா பதிவேட்டைப் பற்றியதா, மாணவர் எழுதிய விடை ஏதாவது மேசையில் இருக்கிறதா. வருகைப் பதிவையும் காலை, மாலை என்று தனித்தனியாக எடுங்கள்.

ஆசிரியர் அறிவை அளப்பது

"3/4 + 5/6 எவ்வளவு?" என்று பட்டதாரி ஆசிரியரிடம் கேட்டால் அது அவமரியாதை; எல்லோரும் சரியாகச் செய்வார்கள் என்பதால் பயனும் இல்லை. கற்பிப்பதற்கென்று வேண்டிய கணக்கறிவு வேறு. மாணவரின் விடையைக் கொடுத்து அதைப் பற்றிக் கேளுங்கள்.

3/4, 5/6 இரண்டில் எது பெரிது என்று கேட்டபோது மூன்று மாணவர்கள் சொன்ன காரணம் இது என்று கொடுங்கள். முதல் மாணவர்: "இரண்டிலும் ஒரு துண்டு குறைகிறது, ஆறில் ஒன்று சிறிய துண்டு, அதனால் 5/6 பெரிது." இரண்டாமவர்: "மூன்றைவிட ஐந்து பெரிது, நான்கைவிட ஆறு பெரிது, அதனால் 5/6 பெரிது." மூன்றாமவர்: "இரண்டிலும் ஒரு துண்டுதான் குறைகிறது, அதனால் சமம்." யாருடைய முறை எல்லாப் பின்னங்களுக்கும் செல்லும், யாருடையது சிலவற்றுக்கு மட்டும் செல்லும், யாருடையது செல்லாது, செல்லாததைக் காட்ட வகுப்பில் எந்த எடுத்துக்காட்டைக் கொடுப்பீர்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். இரண்டாமவருடைய விடை சரி, முறை தவறு. 5/9, 3/4 இரண்டையும் கொடுத்தால் முறை உடைந்துவிடும். விடை சரியாக இருப்பதால் அந்த மாணவருக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு நகரும் ஆசிரியருக்கும், நின்று 5/9ஐ எடுத்துப் போடும் ஆசிரியருக்கும் உள்ள தூரத்தைத்தான் உங்கள் வினாத்தாள் அளக்க வேண்டும். இப்படிப் பத்துக் கேள்விகள் போதும், 45 நிமிடம். 'தேர்வு' என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள், பெயர் எழுதச் சொல்லாதீர்கள். யாருடைய விடையும் எந்த அலுவலகத்துக்கும் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள்.

வகுப்பறை உற்றுநோக்கல்

'துணைக்கருவி பயன்படுத்தினாரா? ஆம் / இல்லை', 'குழுச் செயல்பாடு நடந்ததா? ஆம் / இல்லை' என்று நாற்பது வரி கொண்ட பட்டியல்கள் புழக்கத்தில் உள்ளன. பின்ன வட்டுகளை மேசையில் பரப்பிவைத்துவிட்டு, கரும்பலகையில் குறுக்குப் பெருக்கல் நடத்தும் பாடமும் அந்தப் பட்டியலில் நல்ல மதிப்பெண் வாங்கும். பட்டியலைச் சுருக்கி ஒரே இடத்தில் கண் வையுங்கள்: மாணவர் தவறாக ஒன்றைச் சொல்லும் தருணம்.

ஆசிரியர் கேட்கிறார்: "மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?" ஒரு பிள்ளை எழுந்து, "நாலுல ஒண்ணுதான் டீச்சர் பெருசு. மூணைவிட நாலு பெருசுல்ல?" என்கிறது. அடுத்த அரை நிமிடத்தில் நடப்பதைக் குறியுங்கள். ஆசிரியர் காதில் வாங்காமல் கடந்தால் 0. "தப்பு, உக்காரு, அடுத்து யாரு சொல்றீங்க?" என்றால் 1. "பகுதி பெருசானா பின்னம் சின்னது, எழுதிக்கோ" என்று சரியானதைத் தாமே சொன்னால் 2. "ஏன் அப்படி நினைக்கிற, ஒரு கடலை மிட்டாயை வரைஞ்சு காட்டு" என்று அந்தப் பிள்ளையின் யோசனையைக் கேட்டால் 3. அந்த யோசனையையே பலகையில் வைத்து வகுப்பு முழுவதும் பேசும்படி ஆக்கினால் 4. ஒவ்வொரு குறியீட்டோடும் ஆசிரியர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். வாக்கியம் இல்லாத எண்ணை ஒரு மாதம் கழித்துச் சரிபார்க்க வழியில்லை.

தவறே நிகழாத பாடவேளைகளும் வரும். அதற்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் வகுப்பு ஒருசேர "எஸ் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கும். தவறு வெளிவரவே இடமில்லாத பாடத்தைத் தனியாகக் குறியுங்கள். ஒரு பாடவேளையில் எத்தனை பிழைத் தருணங்கள் என்ற எண்ணிக்கையே நல்ல தரவு.

ஓர் ஆசிரியருக்கு ஒரு பாடவேளை பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. குறைந்தது நான்கு வேண்டும். வெளியாள் வந்ததும் வகுப்பின் போக்கு மாறும் என்பதால் முதல் வருகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உற்றுநோக்குபவருக்கு அந்தப் பள்ளி எந்தக் குழுவில் இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது நல்லது. பயிற்சி கொடுத்தவரே உற்றுநோக்கினால் தாம் கற்றுக்கொடுத்ததைத்தான் காண்பார்.

இருவர் உட்கார்ந்து குறிக்கும்போது 'நூற்றுக்கு எண்பது இடங்களில் ஒத்துப்போனோம்' என்பதோடு திருப்தி அடையக் கூடாது. இருவருமே பத்தில் எட்டுத் தருணங்களை '0', மற்றவற்றை '0 இல்லை' என்று குறிப்பவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 0.8 × 0.8 + 0.2 × 0.2 = 0.68 அளவுக்கு ஒத்துவரும். அதைக் கழித்துவிட்டு வரும் ஒத்திசைவு அளவான கப்பா (0.80 − 0.68) ÷ (1 − 0.68) = 0.375. அது மிகக் குறைவு. 0.7ஐத் தொடும்வரை இருவரும் சேர்ந்து பழகிய பிறகே களத்துக்குப் போங்கள். பழக மூன்று நான்கு நாள் ஆகும். அந்த நாள்களை மிச்சப்படுத்த நினைத்தால் மொத்தத் தரவும் வீணாகும்.

வீடியோ எடுக்க முடிந்தால் கேமராவைப் பலகையையும் நோட்டுகளையும் நோக்கி வையுங்கள், பிள்ளைகளின் முகம் வேண்டாம். பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். இதைவிட எளிய, செலவில்லாத சான்று ஒன்று இருக்கிறது: வகுப்புக்கு ஐந்து மாணவர்களைச் சீட்டு எடுத்துத் தேர்ந்து, அவர்களுடைய கணக்கு நோட்டில் பின்னப் பாடம் முழுவதையும் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். பெயர்ப் பக்கத்தை விட்டுவிடுங்கள். படம் வரைந்த கணக்குகள் எத்தனை, பலகையைப் பார்த்து எழுதியவை எத்தனை, சிவப்பு மையில் வெறும் டிக் எத்தனை, திருத்தம் எத்தனை என்று எண்ணலாம். நாற்பது நாள் வகுப்பு அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

மாணவர் தேர்வு

20 கேள்விகள், 40 நிமிடம். அவற்றில் 5 முழு எண் கணக்குகளாக இருக்கட்டும்: இரண்டு இலக்கத்தில் கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல் போன்றவை. 6ஆம் வகுப்பில் 52 − 27க்கு 35 என்று எழுதும் பிள்ளை இருந்தால் (7லிருந்து 2ஐக் கழித்துவிட்டது), பின்னத் தேர்வில் அது வாங்கும் பூஜ்யம் பின்னத்தைப் பற்றி எதையும் சொல்லாது. மீதி 15இல் ஒரு பங்கு நேரடியானது, ஒரு பங்கு படமும் எண்கோடும், ஒரு பங்கு "ஏன்" என்று எழுதச் சொல்வது. 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார், சரியா, எப்படித் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் பாதிக்கும் குறைவாக எப்படி வரும் என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்த ஒரு வரி பத்து டிக்குகளுக்குச் சமம்.

வேறு பள்ளியில் 40 மாணவர்களிடம் முதலில் கொடுத்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்கும் குறைவானவர்களோ 80 சதவீதத்துக்கும் அதிகமானவர்களோ சரியாகச் செய்யும் கேள்விகளில் பெரும்பாலானவற்றை மாற்றுங்கள். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒரே தாள் என்றால் விடைகள் நினைவில் நிற்கும். இரண்டு தாள்கள் தயாரித்து 8 கேள்விகளை மட்டும் பொதுவாக வையுங்கள். பயிற்சியில் செய்த செயல்பாடுகளை அப்படியே தேர்வில் கேட்காதீர்கள். விளைவு ஊதிப் பெருத்துக் காட்டும். வேறு யாரும் அதே முடிவைப் பெற மாட்டார்கள்.

பள்ளியின் பருவத் தேர்வு மதிப்பெண்ணை இதற்குப் பதிலாக எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். விடைத்தாளைத் திருத்துபவர் நீங்கள் ஆய்வு செய்யும் அதே ஆசிரியர்.

கணக்கிடுதல்

பல நிலை மாதிரி (மாணவர் வேறுபாட்டையும் பள்ளி வேறுபாட்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) தெரிந்தவர் துணை கிடைத்தால் அதுவே சரி. ஆர், ஜமோவி போன்ற இலவச மென்பொருள்களில் செய்யலாம். கிடைக்காவிட்டால், ஒவ்வொரு பள்ளிக்கும் முன்தேர்வுச் சராசரி, பின்தேர்வுச் சராசரி என்று இரண்டே எண்களாகச் சுருக்கி, பள்ளிகளையே அலகாக வைத்து ஒப்பிடுங்கள். 40 வரிகள் கொண்ட ஓர் எக்செல் தாள் போதும். எளிமையானது, நேர்மையானது.

விளைவைத் திட்ட விலக்க அலகில் சொல்லுங்கள். பழைய நூல்களில் 0.2 'சிறியது', 0.5 'நடுத்தரம்' என்று இருக்கும். பள்ளிக்கல்வியில் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வுகளைப் பார்த்து 2020இல் முன்வைக்கப்பட்ட அளவுகோலின்படி 0.05 முதல் 0.20 வரை நடுத்தரம், 0.20க்கு மேல் பெரியது. உங்கள் ஆய்வில் 1.5 வந்தால் மகிழும் முன் வினாத்தாளையும் குழுப் பிரிப்பையும் மீண்டும் சரிபாருங்கள்.

கடைசியாக நான்கு கண்ணிகளையும் ஒன்றாக வையுங்கள். அறிவு கூடி வகுப்பு மாறவில்லை என்றால் ஆசிரியரைக் குறைசொல்லும் முன் கால அட்டவணையைப் பாருங்கள். பீகாரிலும் உத்தராகண்டிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் கொடுத்தும் பள்ளி நேரத்தில் அவை புழக்கத்துக்கு வரவில்லை. ஹரியானாவில் வாசிப்புக்கென்று தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையாளர்களையும் பழக்கியபோது வாசிப்பு முன்னேறியது. பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் ஆசிரியரால் ஒரு பிள்ளையின் தவறுக்காக எட்டு நிமிடம் நிற்க முடிகிறதா என்பதும் உங்கள் தரவுதான். வகுப்பு மாறியும் மாணவர் மாறவில்லை என்றால் உங்கள் தேர்வு அந்த மாற்றத்தைக் காணும் கண் உடையதா என்று பாருங்கள். அடுத்து, காலம் போதுமானதாக இருந்ததா என்று கேளுங்கள்.

விளைவு பூஜ்யமாக வந்தாலும் எழுதுங்கள். மேலே சொன்ன 68 மணி நேர ஆய்வும் சீன ஆய்வும் மறைக்கப்பட்டிருந்தால் இந்தத் துறைக்கு இன்று தெரிந்ததில் பாதி தெரிந்திருக்காது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், நான்கு பக்கச் சுருக்கம் ஒன்றைத் தமிழில் எழுதி, குறுவள மையக் கூட்டத்தில் அந்த ஆசிரியர்களிடமே கொடுங்கள். பள்ளிப் பெயர்கள் இருக்கக் கூடாது, தனி ஆசிரியரின் மதிப்பெண் இருக்கக் கூடாது. பிள்ளைகள் எழுதிய விடைகளில் பத்தைப் பெயரின்றி அச்சிட்டு நடுவில் வையுங்கள். எந்த இடத்தில் உங்கள் விளக்கம் தவறு என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தைத் திருத்துங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு வாக்குக் கொடுத்த பயிற்சிக்கான தேதியையும் அதே கூட்டத்தில் முடிவு செய்துவிடுங்கள்.